ரிப்போர்ட் ஃபோல்டருக்கு ஆள் பெயர் வைக்காதே!

நாவலூரில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு மளிகைக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள். பில்லில் பின்கோடு 600130. அதைப் பார்த்தால் சென்னைக் கடை. மாவட்டத்தைப் பார்த்தால் செங்கல்பட்டு. 2019 நவம்பருக்கு முந்தைய ரிப்போர்ட்டைத் திறந்தால் காஞ்சிபுரம். ஷட்டர் ஒன்று, கல்லாப்பெட்டி ஒன்று. ஆனால் உன் ஆபீஸில் ஒருவர் பின்கோடு வைத்தும், இன்னொருவர் மாவட்டம் வைத்தும், அவர்களுக்கு முன்னால் இருந்தவர் பழைய பட்டியலை வைத்தும் ஃபோல்டர் போட்டிருந்தால், அதே கடை மூன்று ஏரியாவில் வியாபாரம் செய்துகொண்டிருக்கும். ரிவ்யூ மீட்டிங்கில் சென்னை ஏ.எஸ்.எம். (ஏரியா சேல்ஸ் மேனேஜர்) “அது என் நம்பர்” என்பார். செங்கல்பட்டு ஏ.எஸ்.எம். “இல்ல சார், என்னோடது” என்பார். கடைசியில் எல்லோரும் ரிப்போர்ட் போடும் எம்.ஐ.எஸ். சீட்டில் இருக்கும் உன் பக்கம் திரும்புவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த கையோடு போன் போட்டு, “அக்கா, ரீஜன் வாரியா ரிப்போர்ட் ஃபோல்டர் போட்டு ஷேர் பண்ணச் சொல்லிட்டாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்த நீளக் கடிதம். உன்னைப் போல ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் சேல்ஸ் ஆபீஸ்களில் புதிதாக உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முதல் பதில்: ஃபோல்டரிலிருந்து ஆரம்பிக்காதே. ஊர்ப் பட்டியலிலிருந்து ஆரம்பி.

முதலில் ஊர்ப் பட்டியல்

நம் ஓ.எம்.ஆர். சாலையையே பார். சென்னை மாநகராட்சி செம்மஞ்சேரியோடு முடிகிறது. சோழிங்கநல்லூர் 2018 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, பிறகு சென்னை மாவட்டத்துக்குப் போனது. செம்மஞ்சேரி தாண்டினால் நாவலூர். செங்கல்பட்டு மாவட்டம், ஆனால் 600-இல் தொடங்கும் பின்கோடு. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் சிறுசேரியும் கேளம்பாக்கமும். அங்கே பின்கோடு 603103. ஒரே சாலை, ஒரே சேல்ஸ்மேன், ஒரே நாளில் முடிக்கும் ஒரே பீட். தபால்துறை ஒரு கோடு போடுகிறது, வருவாய்த்துறை வேறொரு கோடு போடுகிறது, உன் கம்பெனி போடும் கோடு மூன்றாவது. ரிப்போர்ட்டுக்கு அந்த மூன்றாவது கோடுதான் முக்கியம். அது எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பார். பெரும்பாலும் ஒரு சீனியர் ஏ.எஸ்.எம்.மின் தலைக்குள் இருக்கும்.

அதைத் தலையிலிருந்து எக்ஸெலுக்கு இறக்குவதுதான் உன் முதல் வேலை. ஒரே ஒரு ஷீட் போதும். கடைக் கோடு, டிஸ்ட்ரிபியூட்டர் கோடு, பின்கோடு, மாவட்டம், கம்பெனி ரீஜன், அந்த ரீஜன் எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. கடைசி இரண்டு நெடுவரிசைகளைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஏரியா மாறும்போது பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை அடிப்பார்கள். அன்றைக்கே போன வருஷக் கணக்கும் மாறிப்போகும். பழைய வரிக்கு முடிவுத் தேதி போட்டுவிட்டு, கீழே புதிய வரி சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் 2018 ரிப்போர்ட்டை 2018 எல்லைப்படியும் எடுக்கலாம், இன்றைய எல்லைப்படியும் எடுக்கலாம். மேனேஜ்மெண்ட் இரண்டையும் கேட்கும், அதுவும் ஒரே மீட்டிங்கில் கேட்கும்.

மாவட்டப் பெயரையே ஃபோல்டர் பெயராக வைத்தால் என்ன என்று தோன்றும். 2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். அந்த நவம்பருக்குள் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, திருநெல்வேலியிலிருந்து தென்காசி, வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு. அடுத்த ஆண்டு டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. ஆகமொத்தம் 38. வேலூர் ஃபோல்டரைத் திறந்து 2018-ஐயும் 2021-ஐயும் ஒப்பிட்டால், டீம் தூங்கிவிட்டது போலத் தெரியும். டீம் தூங்கவில்லை, மாவட்டம் மூன்றாகப் போய்விட்டது. அந்த வேலூர் ஏ.எஸ்.எம்.முக்கு இன்சென்டிவ் வெட்டு விழுந்தால் யார் பொறுப்பு?

பெயர்க் குழப்பம் வேறு. புது மாவட்டம் ஒரு திருப்பத்தூர் என்றால், சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு திருப்பத்தூர் இருக்கிறது. ஒன்றுக்கு வர வேண்டிய ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் மற்றொன்றின் ஃபோல்டரில் ஏறிவிடும். ஏற்றுகிறவர் மேல் தப்பே இல்லை. ஆங்கில எழுத்து இன்னும் மோசம். தூத்துக்குடி, டூட்டிகோரின், திருச்சிராப்பள்ளி, திருச்சி, டிரிச்சி. ஒரே ஊருக்கு இரண்டு மூன்று எழுத்து, இரண்டு மூன்று ஃபோல்டர். 2020 ஜூனில் அரசே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. விமர்சனம் எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்தச் சில நாட்களில் ஆர்வமாகப் பெயர் மாற்றிய எம்.ஐ.எஸ். யாராவது இருந்தால், பாவம், எல்லா ஃபார்முலாவும் உடைந்திருக்கும்.

அதனால் ஃபோல்டர் பெயர் எண்ணில் தொடங்கட்டும், ஊர்ப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு வரட்டும். மாநிலத்துக்குப் புது எண் யோசிக்க வேண்டியதே இல்லை. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடுதான்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளா 32, கர்நாடகா 29, தெலங்கானா 36, ஆந்திரா 37. அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு இது மனப்பாடம். உன் ஃபோல்டரும் அவர்கள் ஃபைலும் ஒரே எண்ணில் ஆரம்பித்தால் மாதக் கடைசியில் டேலி பண்ணும் நேரம் பாதியாகும். மாநிலத்துக்குள் ரீஜனுக்கு 33-01, 33-02 என்று நீயே கொடுத்துக்கொள். நிறையக் கம்பெனிகளில் ‘சென்னை’, ‘ஆர்.ஓ.டி.என்.’ என்று இரண்டே பிரிவு இருக்கும்; சென்னை போக மீதித் தமிழ்நாடு முழுவதும் ஒரே மூட்டை. நாளைக்கு அந்த மூட்டையைக் கோவை, மதுரை, திருச்சி என்று பிரிப்பார்கள். அதற்கு இடம் விட்டு எண் கொடு.

34-ஐப் பற்றி ஓர் எச்சரிக்கை. புதுச்சேரி என்றால் நமக்கு ஈ.சி.ஆர். வழியாகப் போகும் ஊர் மட்டும்தான் நினைவுக்கு வரும். காரைக்கால் நாகப்பட்டினம் பக்கம், மாஹே கேரளாவுக்குள், ஏனாம் ஆந்திராவுக்குள். பில்லில் எல்லாம் 34தான். ஆனால் மாஹே கடைக்குச் சரக்கு இறக்குவது கேரளா டீமாகத்தான் இருக்கும். ஜி.எஸ்.டி. கணக்கில் 34, சேல்ஸ் கணக்கில் 32. ஊர்ப் பட்டியலில் இந்த இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்திருந்தால் சண்டை வராது.

நாற்காலிக்குப் பெயர் வை

இதுதான் நான் சொல்ல வந்த பெரிய விஷயம். எந்த சேல்ஸ் ஆபீஸ் டிரைவை வேண்டுமானாலும் திறந்து பார். ‘குமார் சார் ரிப்போர்ட்’, ‘பிரியா மேடம் புதுசு’, ‘ரமேஷ் கேட்டது’. குமார் சார் வேலையை விட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருக்கும். அவர் ஃபோல்டரில் இன்றைக்கும் மதுரை டிஸ்ட்ரிபியூட்டர்களின் கிளெய்ம் ரிப்போர்ட் ஏறிக்கொண்டே இருக்கும். புதிதாக வந்தவருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. சேல்ஸில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஏப்ரல் வந்தால் டிரான்ஸ்பர், இன்சென்டிவ் கைக்கு வந்தால் ராஜினாமா. மாறாமல் இருப்பது ‘33-04 மதுரை ஏ.எஸ்.எம்.’ என்ற நாற்காலி. ஃபோல்டர் அந்த நாற்காலியுடையது.

பெயர் மட்டுமில்லை, சொந்தம் யாருக்கு என்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும். கூகுள் டிரைவில் ‘மை டிரைவ்’ என்பதில் போட்ட ஃபைல் அந்த ஆளுடையது. அவர் போனதும் ஐ.டி. டீம் அக்கவுண்டை அழித்தால், ஃபைல்களை வேறொருவர் பெயருக்கு மாற்றாத வரை, அவையும் கூடவே போகும். அழித்த அக்கவுண்டை மீட்க அட்மினுக்கு 20 நாள்தான் அவகாசம். மைக்ரோசாஃப்ட் பக்கம் ஒன்டிரைவும் இதே கதைதான். அக்கவுண்ட் அழிந்தபின் வழக்கமான அமைப்பில் 30 நாள் வைத்திருந்துவிட்டு நீக்கிவிடும். யாராவது “அந்த ஜூலை ரிப்போர்ட் எங்கே?” என்று தேடுவதற்குள் இரண்டு கெடுவும் தாண்டிப்போயிருக்கும். ஆகவே டீம் ரிப்போர்ட்டுகள் கூகுளில் ஷேர்டு டிரைவில், மைக்ரோசாஃப்டில் ஷேர்பாயிண்டில் இருக்க வேண்டும். அங்கே ஃபைல் கம்பெனியுடையது. ஆள் வருவார், போவார். உங்கள் கூகுள் கட்டணத் திட்டத்தில் ஷேர்டு டிரைவ் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் ‘எம்.ஐ.எஸ்.’ என்று ஒரு பொது அக்கவுண்ட் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் அதன் பெயரில் உருவாக்கு.

அனுமதியும் ஆளுக்குக் கொடுக்காதே, குழுவுக்குக் கொடு. ‘மதுரை டீம்’ என்று ஒரு மெயில் குழு. ஃபோல்டர் அந்தக் குழுவுக்கு மட்டும் திறக்கும். யாராவது விலகினால் குழுவிலிருந்து ஒரே ஒரு பெயரை எடுத்தால் போதும், எல்லா ஃபோல்டரும் அவருக்கு மூடிவிடும். தனித்தனியாக ஷேர் செய்திருந்தால், எந்தெந்த ஃபைலில் அவர் பெயர் இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் அவர் போட்டிக் கம்பெனியில் சேர்ந்து முதல் மாத டார்கெட்டை முடித்திருப்பார்.

யார் எதைப் பார்க்கலாம்

மேல் ஃபோல்டரில் கொடுத்த அனுமதி கீழே இருக்கும் எல்லா ஃபோல்டருக்கும் இறங்கும். நம் அப்பார்ட்மெண்ட் மாதிரிதான். மாடித் தொட்டியில் என்ன கலந்ததோ அதுதான் எல்லா வீட்டுக் குழாயிலும் வரும். இதை மறந்துவிட்டு, ‘தமிழ்நாடு’ என்ற மேல் ஃபோல்டரை எல்லா டீமுக்கும் திறந்துவிட்டு, உள்ளே ‘இன்சென்டிவ்’ என்று ஒரு சின்ன ஃபோல்டரை வைப்பவர்கள் உண்டு. இன்சென்டிவ், சம்பளம், புரமோஷன் சம்பந்தப்பட்ட எதுவும் அந்த மரத்துக்குள்ளேயே வரக் கூடாது. அதற்கு முழுக்கத் தனி டிரைவ் வேண்டும்.

இதனால்தான் வருஷத்தை மேலே வைக்காமல் ரீஜனை மேலே வைக்கச் சொல்கிறேன். ரீஜன், அதற்குள் நிதியாண்டு, அதற்குள் மாதம். அனுமதி ரீஜன் வாரியாகத்தான் தருகிறோம். வருஷம் மேலே இருந்தால் ஒவ்வொரு ஏப்ரலிலும் எல்லா அனுமதியையும் புதிதாகக் கொடுக்க வேண்டி வரும். மூன்று படிக்கு மேல் இறங்காதே. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று போனால் விண்டோஸில் முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டிச் சில கம்ப்யூட்டரில் ஃபைலே திறக்காது. நீளமான ஊர்ப் பெயர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

ஒரு ரீஜன்காரர் இன்னொரு ரீஜன் ஃபோல்டரைப் பார்க்கலாமா? இதில் ஆபீஸுக்கு ஆபீஸ் கருத்து மாறும், என் கருத்தைச் சொல்கிறேன். யார் எத்தனை சதவீதம் அச்சீவ் பண்ணினார்கள் என்ற ஒரு பக்கம் எல்லோருக்கும் தெரியட்டும், போட்டி நல்லது. டிஸ்ட்ரிபியூட்டர் வாரி மார்ஜின், ஸ்கீம் விவரம், கடன் பாக்கி, இதெல்லாம் அந்த ரீஜனைத் தாண்டக் கூடாது. ஓசூரை யோசித்துப் பார். அத்திப்பள்ளி போய்விட்டால் கர்நாடகா. அந்தப் பக்கம் ஸ்கீம் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தால் போதும், சரக்கு அங்கிருந்து இங்கே வந்து இறங்கும். இன்ஃபில்ட்ரேஷன் என்று ஃபீல்டில் தலையில் அடித்துக்கொள்வார்களே, அதுதான். வாளையாறு தாண்டிப் பாலக்காடு, கும்மிடிப்பூண்டி தாண்டித் தடா, எல்லா எல்லையிலும் இதே கதை. ஒரு ஸ்கீம் ஷீட் தப்பான வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்தால் அந்த மாதம் எல்லை ஓர டிஸ்ட்ரிபியூட்டர் செய்யும் போனையெல்லாம் உன் ஏ.எஸ்.எம்.தான் எடுக்க வேண்டும்.

உங்கள் கம்பெனியில் சி.ஆர்.எம். (வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் சாஃப்ட்வேர்) இருந்தால், அதற்குள்ளும் ரிப்போர்ட் ஃபோல்டர் உண்டு. இந்த விஷயத்தில் நாம் ஊர்க்காரர்கள் என்றே சொல்லிக்கொள்ளலாம்: சி.ஆர்.எம். செய்யும் ஜோஹோவின் வளாகம் கூடுவாஞ்சேரிப் பக்கம் வல்லாஞ்சேரியில், ஃப்ரெஷ்வொர்க்ஸ் நம் சாலையிலேயே பெருங்குடியில். உலகம் முழுக்க சேல்ஸ் டீம்கள் திறக்கிற ரிப்போர்ட் திரையில் பாதி இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதியதோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும். எந்த சி.ஆர்.எம். ஆனாலும் தனி ஆளுக்குப் பகிர்வதைவிடப் பதவிக்கும் குழுவுக்கும் பகிர்வது நல்லது. சேல்ஸ்ஃபோர்ஸில் ‘இந்தப் பதவியும் அதற்குக் கீழே உள்ளவர்களும்’ என்றே ஒரு தேர்வு இருக்கிறது. பார்க்க மட்டும், திருத்த, நிர்வகிக்க என்று மூன்று அளவில் அனுமதி. ஃபீல்டு ஆட்களுக்குப் பார்க்க மட்டும் போதும். யாராவது ஃபில்டரை மாற்றி அதே பெயரில் சேவ் செய்துவிட்டால் மறுநாள் எல்லோருக்கும் அந்த மாற்றிய கணக்குதான் வரும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறையப் பேர் இதில்தான் வழுக்குவார்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் ஃபோல்டரைப் பகிர்ந்தால் ரிப்போர்ட்டின் சட்டகம்தான் போகிறது. உள்ளே வரும் வரிகள், திறப்பவருக்கு எந்தக் கணக்குகளைப் பார்க்க அனுமதி உண்டோ அதைப் பொறுத்து மாறும். ஒரே ரிப்போர்ட்டைத் தென்காசி சேல்ஸ் ஆபீசர் திறந்தால் அவர் கடைகள் மட்டும், ஏ.எஸ்.எம். திறந்தால் முழு ஏரியா. அதனால் “உனக்கு வர்ற டோட்டலும் எனக்கு வர்ற டோட்டலும் வேற” என்று யாராவது சண்டைக்கு வந்தால் பதறாதே, அது தப்பில்லை. டாஷ்போர்டு அப்படி இல்லை. அது யாருடைய பார்வையில் ஓடும்படி அமைத்திருக்கிறதோ அவர் பார்ப்பதை எல்லோருக்கும் காட்டிவிடும். நேஷனல் ஹெட் பார்வையில் ஓடும் டாஷ்போர்டை ஃபீல்டு டீமுக்குத் திறந்தால் ஓசூர்க் கதை மறுபடியும் ஆரம்பம்.

ஃபைல் பெயர், எக்ஸெல் வில்லங்கம்

பெயரில் நான்கு விஷயம் போதும்: ரீஜன் எண், வருஷம்-மாதம், ரிப்போர்ட் வகை, நிலை. ‘33-04_2025-07_செகண்டரி_க்ளோஸ்டு’. வருஷம் முதலில், மாதம் இரண்டு இலக்கத்தில். அப்போதுதான் கம்ப்யூட்டர் தானாக வரிசைப்படுத்தும். ‘ஜூலை’ என்று எழுதினால் அகர வரிசையில் ஏப்ரலுக்கு முன்னால் ஆகஸ்ட் வந்து உட்காரும். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், ஃபோல்டரில் ‘2025-26’ என்றும் ஃபைலில் ‘2026-01’ என்றும் எழுது. அந்த ஜனவரி எந்த வருஷக் கணக்கு என்ற சந்தேகம் யாருக்கும் வராது.

ப்ரைமரியா செகண்டரியா என்பது பெயரிலேயே இருக்க வேண்டும். கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விற்றது ப்ரைமரி, டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்கு விற்றது செகண்டரி. மாதக் கடைசியில் டார்கெட் முடிக்க டிஸ்ட்ரிபியூட்டர் குடோனில் சரக்கைத் தள்ளியிருந்தால் ப்ரைமரி பிரமாதமாக இருக்கும், செகண்டரி வாடிப்போயிருக்கும். ‘சேல்ஸ் ரிப்போர்ட்’ என்று மொட்டையாகப் பெயர் வைத்தால் ஆளுக்கு ஒன்றை எடுத்துப் பேசுவார்கள்.

‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் லேட்டஸ்ட்’ எல்லாம் வேண்டாம். நிலை இரண்டே: டிராஃப்ட், க்ளோஸ்டு. க்ளோஸ்டு ஆனதைத் திருத்த முடியாதபடி பூட்டிவிடு. அதன்பிறகு கிரெடிட் நோட் வந்தால் அடுத்த மாதத்தில் காட்டு, அல்லது ‘திருத்தம் 1’ என்று தனி ஃபைல் போடு.

எக்ஸெல் தன் இஷ்டத்துக்கு மாற்றும் விஷயங்கள் வேறு. டிஸ்ட்ரிபியூட்டர் கோடு 0045 என்றால் முன்னால் இருக்கும் இரண்டு பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடு. இது நம் ஆபீஸ் தலைவலி மட்டுமில்லை. ‘மார்ச் 1’, ‘செப்ட் 1’ என்று சுருக்கப் பெயர் கொண்ட மரபணுக்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், அவற்றின் பெயர்களையே மாற்றும் முடிவை 2020-இல் மரபணுப் பெயர்க் குழு அறிவித்தது. விஞ்ஞானிகளே எக்ஸெலோடு சமாதானமாகப் போய்விட்டார்கள், நாம் எம்மாத்திரம்! அதே ஆண்டு இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் கணக்கில் ஏறாமல் விட்டுப்போனது. பழைய எக்ஸெல் வடிவம் 65,536 வரிக்கு மேல் எடுக்காது என்பதுதான் காரணம். புது வடிவம் பத்து லட்சத்துக்கு மேல் எடுக்கும். கடைவாரி, பில்வாரி செகண்டரி டம்ப் எடுத்தால் பழைய எல்லையை ஒரே மாதத்தில் தாண்டிவிடலாம். ஏதாவது டிஸ்ட்ரிபியூட்டரின் பழைய சாஃப்ட்வேரிலிருந்து சரியாக 65,536 வரியில் ஒரு ஃபைல் வந்து நின்றால், சந்தேகப்படு.

இதையெல்லாம் படிப்பவர் ஏ.சி. அறையில் பெரிய திரையோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்காதே. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, ஒரு கையில் ஆர்டர் புக்கோடு, போனில் திறப்பார். முதல் ஷீட்டில் சுருக்கம், ஐந்தாறு நெடுவரிசை, பெரிய எழுத்து. மிச்சமெல்லாம் பின்னால். வாட்ஸ்அப்பில் எக்ஸெலை அனுப்பாமல் ஃபோல்டர் லிங்க்கை அனுப்பு. அவசரத்துக்கு முதல் பக்கத்தின் படம் ஒன்றை அனுப்பலாம். ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்ற தேர்வை மட்டும் தொடாதே. போன வருஷம் விலகியவர் இன்னமும் அந்தக் குரூப்பில் இருப்பார், யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். கடைக்காரர்களின் பெயர், போன் நம்பர் உள்ள ஷீட் என்றால் இன்னும் கவனம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு எடுக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. ரிவ்யூவுக்குப் போன் நம்பர் எதற்கு? அந்த நெடுவரிசையையே எடுத்துவிடு.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு

ஒவ்வொரு மாத ஃபோல்டரிலும் ‘00_குறிப்பு’ என்று ஒரு சின்ன ஃபைல் வை. அந்த மாதம் அந்த ரீஜனில் என்ன நடந்தது என்று நான்கு வரி. என்னைக் கேட்டால், முழு ஃபோல்டரிலும் விலைமதிப்பானது அதுதான்.

2023 டிசம்பரை எடுத்துக்கொள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் தண்ணீரில். நம் சாலையிலும் நாள் கணக்கில் டெலிவரி வண்டி ஓடவில்லை. சென்னை டீம் நம்பர் விழுந்தது. இரண்டு வாரம் கூட ஆகவில்லை, 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி, திருநெல்வேலி குடோன்களில் சரக்கு நனைந்தது. அடுத்த வருஷம் 2024 டிசம்பரில் ‘போன வருஷ இதே மாதம்’ என்று ஒப்பிட்டால் தூத்துக்குடிக்காரர் ராக்கெட் மாதிரி ஏறியிருப்பார். அவரைப் பாராட்டுவார்கள், பாராட்டட்டும். ஆனால் அதே சதவீதத்தை வைத்து அடுத்த டார்கெட் போடுவார்கள் பார், அங்கேதான் அந்த நான்கு வரிக் குறிப்பு அவரைக் காப்பாற்றும்.

பண்டிகையும் அப்படியே. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. 2023 நவம்பரை 2024 நவம்பரோடு ஒப்பிட்டால் தீபாவளி ஸ்டாக்கை வெறும் மாதத்தோடு ஒப்பிடுகிறாய். கேரளா டீமுக்குத் தீபாவளியைவிட ஓணம் பெரிது. திருவோணம் 2023-இல் ஆகஸ்ட் 29, அடுத்த வருஷம் செப்டம்பர் 15. சென்னையில் உட்கார்ந்து ரிப்போர்ட் போடும் நமக்கு இது உறைக்காது. கேரளா ஏ.எஸ்.எம்.மைக் கேட்டு எழுது. பொங்கலில் இந்தத் தொல்லை இல்லை, எப்போதும் ஜனவரி நடுவில்தான்.

குறிப்பு எழுத ஃபீல்டு ஆட்களைக் கெஞ்சினால் எழுத மாட்டார்கள். மாதக் கடைசி க்ளோசிங் அன்று சாயங்காலம் நீயே போன் போட்டு, “சார், இந்த மாசம் ஏரியாவுல என்ன விசேஷம்?” என்று கேள். ஐந்து நிமிஷம் புலம்புவார்கள். அந்தப் புலம்பலில் இருந்து நான்கு வரி எடுத்துக்கொள். புலம்பல் முழுவதையும் எழுதிவிடாதே, ரீஜனல் சேல்ஸ் மேனேஜர் படிப்பார்.

வேண்டாத ரிப்போர்ட்டை நிறுத்துவதற்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். நாவலூர் டோல்கேட்டில் 2023 அக்டோபரோடு வசூல் நின்றுவிட்டது. பயணச் செலவு ரிப்போர்ட்டில் அந்த டோல் நெடுவரிசை மட்டும் இன்னும் இருக்கிறதா என்று பார், மாதா மாதம் பூஜ்யம் போட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் திறக்காத ஃபைல் எது என்று டிரைவிலேயே ஓரளவு தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு மாதம் அனுப்பாமல் இரு. யாரும் கேட்கவில்லை என்றால் மேனேஜரிடம் சொல்லிவிட்டு நிறுத்திவிடு. அழிக்க வேண்டாம், ‘பழையவை’ ஃபோல்டருக்கு மாற்று.

ஏப்ரல் டிரான்ஸ்பர் சமயத்தில் மட்டும் ஒரு நாள் தனியாக ஒதுக்கு. குழுக்களில் யார் உள்ளே, யார் வெளியே என்று எச்.ஆர். பட்டியலோடு ஒப்பிட்டுப் பார், ஊர்ப் பட்டியலில் முடிவுத் தேதி போடு, புதிய ஏ.எஸ்.எம்.முக்கு அவர் ஃபோல்டரைப் பக்கத்தில் உட்கார்ந்து திறந்து காட்டு. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிவிட்டுக் காட்டியாகிவிட்டது என்று நினைக்காதே.

இப்போதைக்கு அக்கவுண்ட்ஸில் இருக்கும் அண்ணனிடம் டிஸ்ட்ரிபியூட்டர் மாஸ்டரை மட்டும் கேட்டு வாங்கி, அதில் தாம்பரம், கூடுவாஞ்சேரி, நாவலூர், கேளம்பாக்கம் கடைகள் எந்த ரீஜனில் இருக்கின்றன என்று பார்த்து வை. குழப்பம் அங்கேதான் அதிகம் இருக்கும். சனிக்கிழமை வீட்டுக்கு வா, உட்கார்ந்து ஃபோல்டர் மரத்தைப் போட்டுவிடலாம். ஆபீஸ் ஃபைல் எதையும் உன் சொந்த மெயிலுக்கு அனுப்பிக் கொண்டுவராதே. கடைப் பெயர் இல்லாத வெறும் கோடு பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.